அடித்த இடம் வேறு, போட்ட இடம் வேறு

மேடையில் அமர்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, புவியியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, கணினித் துறைப் பேராசிரியர் நண்பரே, எதிரே நெருக்கி உட்கார்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களே, இடம் கிடைக்காமல் கதவோரம் நிற்கும் ஆம்புலன்ஸ் ஊழியர்களே, செவிலியர்களே, நம்பி விட்ட பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போன பெற்றோர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் சட்ட மருத்துவத் துறைக்காரன். என்னிடம் வருகிறவர்கள் யாரும் பேச மாட்டார்கள். நானும் அவர்களிடம் பேச வேண்டியதில்லை. முப்பது வருடமாக அப்படியே பழகிவிட்டது. ஆனால் இன்றைக்குப் பேசித்தான் ஆக வேண்டும். இறந்து போனவர் என் ஆய்வு மாணவி. அவருக்கு நெறியாளர்களாக இருந்த மூன்று பேரில் நானும் ஒருவன்.

அவரை நீங்கள் எல்லோரும் 'வடக்கு' என்றுதான் கூப்பிட்டீர்கள். நானும் அப்படித்தான். எந்த அறைக்குள் நுழைந்தாலும், "சார், இதுல வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். என் பிணவறைக்குள் முதல் தடவை வந்தபோதும் அதையே கேட்டார். மேசையில் இருந்த உடலைப் பார்த்து மயங்கி விழுவார் என்று தண்ணீரோடு காத்திருந்த என் உதவியாளர் சிரித்தேவிட்டார். அந்த அறையில் அவ்வளவு சத்தமாக யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

புவித்தகவல் அறிவியலில் பல்துறை முனைவர் பட்ட ஆய்வு என்று பல்கலைக்கழகம் ஆரம்பித்தபோது நம்மில் எத்தனை பேர் கிண்டல் செய்தோம்? "எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்கொள்கிற படிப்பு" என்று சொன்னவர்கள் இதே மண்டபத்தில் இருக்கிறார்கள். அந்தப் படிப்பில் சேர்ந்த முதல் ஆள் நம் வடக்கு. புவியியலில் ஒரு நெறியாளர், கணினியில் ஒரு நெறியாளர், சட்ட மருத்துவத்தில் நான். மூன்று பேரும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. "ஊர்ல எல்லாருக்கும் ஒரு மாமியார். எனக்கு மட்டும் மூணு" என்பார். அம்மையார் அவர்கள் சிரிக்கிறார்கள், பாருங்கள். அவர்கள்தான் பெரிய மாமியார்!

ஆய்வின் கேள்வி எங்கிருந்து வந்தது? அவர் வீட்டிலிருந்து. கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். வேலை முடிந்து வந்து சட்டையை ஊறப்போடும்போது அவர் மனைவியிடம் புலம்புவார்: "இன்னைக்கும் ஒருத்தனை அள்ளிட்டு வந்தேன். உள்ளங்கால்ல அடிச்சிருக்கானுங்க. ரோட்டுல சண்டை போடுறவன் எவனாவது உள்ளங்கால்ல அடிப்பானா?"

எவனும் அடிக்க மாட்டான். தெருச் சண்டையில் மண்டை உடையும், பல் போகும், வயிற்றில் கத்தி இறங்கும். உள்ளங்காலில் அடிக்க வேண்டுமென்றால் ஒருவனைக் கட்டிப்போட வேண்டும். கட்டிப்போட ஓர் அறை வேண்டும். அந்த அறை எங்கே? இதுதான் அவர் ஆய்வு. பட்டத்துக்குக் கொடுத்த நீளமான தலைப்பை மறந்துவிடுங்கள். அவர் கேட்டது அந்த ஒரே கேள்வியைத்தான்.

காவல் துறையின் குறிப்புகளில் ஆள் கிடந்த இடம் இருக்கும். அடிபட்ட இடம் இருக்காது. கிடந்த இடங்களையெல்லாம் வரைபடத்தில் வைத்தால் நகரம் முழுக்க எள்ளைத் தெளித்தது போல இருக்கும். "பாருங்க, எல்லா இடத்துலயும் குடிகாரங்க சண்டை" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். நம் வடக்கு விடவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உயிரோடு வந்தவர்களையும், என்னிடம் உயிரில்லாமல் வந்தவர்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு சலித்தார். உள்ளங்காலில் அடி இருக்கிறதா? கணுக்காலில் நைலான் கயிறு அறுத்த தழும்பு இருக்கிறதா? இரண்டும் இருப்பவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற புள்ளிகளை அழித்தார்.

எள் தெளித்தது போல இருந்தது ஒரு வளையம் ஆனது! நடுவில் பெரிய ஓட்டை.

செய்கிறவன் தன் வாசலில் கொண்டுவந்து போட மாட்டான். பெட்ரோலைச் செலவழித்து வெகுதூரமும் போக மாட்டான். சுங்கச்சாவடி, கேமரா இருக்கும் சந்திப்பு எல்லாவற்றையும் தவிர்த்துப் போவான். தூரத்தை விட்டுவிட்டு, வண்டி போகும் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டார் வடக்கு. கணினிப் பேராசிரியர் அவர் போட்ட நிரலைத் திருத்தித் திருத்தி ஐந்து முறை திருப்பி அனுப்பினார். ஆறாவது முறை அவரே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். வளையத்தின் நடு, ஒரு பழைய தொழிற்பேட்டையில் வந்து நின்றது.

"தொழிற்பேட்டையில நாற்பது கட்டடம் இருக்கும்மா. எதுன்னு சொல்லுவ?" என்று கேட்டவர் அம்மையார்.

பதில் என் மேசையில் இருந்தது. இறந்தவர்களின் காயத்தில், காய்ந்த ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு பழுப்புத் தூசி. நுண்ணோக்கியில் பார்த்தால் காகித நார். நான் அதை அறிக்கையில் எழுதினேன். எழுதியதை யாரும் படிக்கவில்லை. வடக்கு படித்தார். அந்தப் பேட்டையில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. வானிலை நிலையத்திலிருந்து காற்றின் திசையை வாங்கிவந்து வரைபடத்தின் மேல் போட்டார். அட்டைத் தூசி போய் விழும் பக்கத்தில், ஆட்கள் தங்கும் கட்டடம் ஒன்றே ஒன்றுதான். வாசலில் பெரிய பலகை. போதை மறுவாழ்வு இல்லம்.

அவையோரே! யார் இருந்தார்கள் அதற்குள்ளே? அநாதைகளா? கடத்தி வரப்பட்டவர்களா? இல்லை. குடியை விட முடியாத மகனை அப்பாவே கைபிடித்துக் கூட்டிப்போய் விட்ட இடம் அது. அண்ணனைத் தம்பி விட்ட இடம். கணவனை மனைவி விட்ட இடம். உள்ளே மருந்து இல்லை, மருத்துவர் இல்லை. பைப் இருந்தது. கயிறு இருந்தது. செத்தால், "தப்பிச்சு ஓடிட்டான், எங்கேயோ வண்டியில அடிபட்டுட்டான்" என்று வீட்டுக்குத் தகவல் போகும். பாதி உயிரோடு இருப்பவனை ரோட்டோரம் தள்ளுவார்கள். பிழைத்தவனும் வாயைத் திறக்க மாட்டான். திறந்தால் வீட்டார் திரும்ப அங்கேதான் கொண்டுபோய் விடுவார்கள் என்ற பயம்!

காவல் நிலையத்துக்கு நாங்கள் நான்கு பேரும் போனோம். காவல் ஆய்வாளர் வரைபடத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

"மேடம், கம்ப்யூட்டர் கை காட்டுற வீட்டையெல்லாம் நான் உடைச்சிட்டு இருக்க முடியாது. அந்த இல்லத்துக்காரர் நல்ல மனுஷன். இந்த ஸ்டேஷனுக்கே தண்ணி மெஷின் வாங்கிக் குடுத்தவர்."

"தண்ணி நல்லா இருக்கா சார்?" என்று கேட்டார் வடக்கு. கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

பிறகு அவர் செய்ததை எங்களிடம் சொல்லியிருந்தால் மூன்று பேரும் சேர்ந்து தடுத்திருப்போம். அது தெரிந்துதான் சொல்லவில்லை. குடிக்கிற தம்பியைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, தனியாக, பட்டப்பகலில் அந்த இல்லத்துக்குப் போனார். நடத்துகிறவனை உள்ளே எல்லோரும் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டார்கள். பழச்சாறு வரவழைத்துக் கொடுத்தானாம்.

"ஆறு மாசம் விட்டுட்டுப் போங்கம்மா. திரும்பி வரும்போது நாய்க்குட்டி மாதிரி இருப்பான்."

அவன் பேசும்போதே மாடியில் யாரோ தரையில் தலையை முட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது என்று பிறகு சொன்னார். "நான் ஜூஸைக் குடிச்சு முடிச்சேன் சார். பாதியில வெச்சா சந்தேகப்படுவான்ல." ஜன்னல் கட்டையில் படிந்திருந்த தூசியைக் கைக்குட்டையில் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து என் மேசையில் போட்டார். அதே பழுப்பு. அதே நார்.

அவர் யாரென்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? யார் சொன்னது? வழக்கு நடக்கிறது, நான் யூகம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாரமே, மாணவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், மூன்று பேர் நம் ஆய்வகத்துக்குள் வந்தார்கள்.

"வடக்குங்கிறது யாரு?"

"நான்தான்."

அவர் வலக்கையைப் பிடித்து விசைப்பலகையின் மேலேயே வைத்து அழுத்தினான் ஒருவன். இன்னொருவன் இரும்பு பைப்பால் அடித்தான். முதல் அடியில் மூன்று விரல்கள். இரண்டாவது அடி முன்கையில். உடைந்த எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மூன்றாமவன் திரைகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு போனான். தகவல் எல்லாம் திரைக்குள் இருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ! அப்போது உள்ளறையில் இருந்த ஒரு முதலாண்டு மாணவி, நிலம் அளக்கும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முகத்தில் இறக்கினாள். மூக்கெலும்பு தூள். மற்ற இருவரும் அவனை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அந்தப் பெண் இந்த மண்டபத்தில் இருக்கிறாள். எழுந்து நில் என்று சொல்ல மாட்டேன், கூச்சப்படுவாள். நீங்கள் கைதட்டினால் நான் தடுக்கவும் மாட்டேன்.

நன்றி. உட்காருங்கள்.

மருத்துவமனைக்கு ஓடினேன். ரத்தம் வடிந்த கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கிடந்தார். "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"வலிக்குது சார். உங்க டிப்பார்ட்மென்ட்டுக்கு வராம இந்த டிப்பார்ட்மென்ட்டோட நின்னேனே, அதுக்குச் சந்தோஷப்படுங்க." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு என் கையைப் பிடித்து இழுத்தார். "சார், கட்டுப் போடுறதுக்கு முன்னாடி கையைப் படம் எடுங்க. அதே பைப்பு சார். மரை இருக்கு பாருங்க."

பார்த்தேன். முன்கையில் கன்றிய காயத்தின் ஓரத்தில் நெருக்கமான கோடுகள். குழாயின் முனையில், மூடியைத் திருகுவதற்காக வெட்டியிருப்பார்களே மரை, அந்த மரை சதையில் பதிந்திருந்தது. அதில் ஓர் இடத்தில் மட்டும் மரை நசுங்கிப் போயிருந்தது. இறந்து என்னிடம் வந்தவர்களில் இரண்டு பேர் முதுகில் அதே கோடுகளை, அதே நசுங்கலோடு, நான் படம் எடுத்து வைத்திருந்தேன். வடக்கு அந்தப் படங்களைப் பல முறை பார்த்தவர். அடி விழும்போது நாமெல்லாம் கண்ணை மூடிக்கொள்வோம். அவர் பைப்பைப் பார்த்திருக்கிறார்! தன் உடைந்த கையையே சாட்சியாக்கிக் கொடுத்த பெண்ணை நீங்கள் வேறு எங்காவது கண்டதுண்டா? நான் கண்டதில்லை.

வரைபடம், தூசி, பைப்பின் தடம். மூன்றையும் எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனோம். விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள். நடுவில் வாய்மொழித் தேர்வு வந்தது. தள்ளிவைக்கலாம் என்றோம், மறுத்துவிட்டார். மாவுக்கட்டுப் போட்ட கையோடு, இதே மண்டபத்தில், இதோ இந்த இடத்தில் நின்றார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடைசியாக வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "உங்கள் ஆய்வின் குறைபாடு என்று எதைச் சொல்வீர்கள்?"

"தாமதம், ஐயா. என் வரைபடத்தில் ஒரு புள்ளி வரணும்னா ஒருத்தர் அடிபட்டாகணும்."

தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்றைக்கு நம் வடக்கு முனைவர் ஆனார். முனைவர் என்று அவரை நாம் கூப்பிட்டது சில வாரங்கள்தான். இன்றைக்குக் கூப்பிடுகிறேன், கேளுங்கள். முனைவர்! முனைவர்! முனைவர்!

நீதிபதி அம்மா சோதனைக்கு உத்தரவு போட்டார். வழி காட்டுவதற்கு முனைவரும் கூடப் போகலாம் என்று அதிலேயே எழுதினார். முனைவர் காவலர்களிடம் முதல் நாளே சொன்னார்: "கட்டடத்துக்குப் பின்பக்கம் ஒரு வழி இருக்கு. எந்தப் பதிவுலயும் கிடையாது. செயற்கைக்கோள் படத்துல டயர் தடம் தெரியுது. ரெண்டு பக்கமும் ஆள் போடுங்க." தலையை ஆட்டினார்கள். காலையில் போய்ப் பார்த்தால், வண்டிகள் எல்லாம் முன்வாசலில்! பின்பக்கம் ஒரே ஒரு காவலர், கையில் லத்தி.

மீட்கிறவர்களை ஏற்ற ஆம்புலன்ஸோடு வந்திருந்த கணவரை முனைவர் பார்த்தார். கணவர் ஆம்புலன்ஸைத் திருப்பினார். இருவரும் பின்பக்கம் போனார்கள். போன அதே நேரம் பின்கதவு திறந்து ஒரு மூடிய வேன் சீறிக்கொண்டு வந்தது. கணவர் யோசிக்கவில்லை. ஆம்புலன்ஸைக் குறுக்கே விட்டார். வேன் வந்து மோதியதில் ஆம்புலன்ஸின் பக்கவாட்டுக் கதவு உள்ளே போனது. அவர் தோள்பட்டை இறங்கியது. வேனிலிருந்து நான்கு பேர் பைப்போடு குதித்தார்கள். காவலரை முதல் அடியிலேயே கீழே தள்ளினார்கள்.

முனைவர் அவர்கள் பக்கமே திரும்பவில்லை. வேனின் பின்கதவுக்கு ஓடினார். உள்ளேயிருந்து தகரத்தை அறைகிற சத்தம். தாழ்ப்பாள் இறுகியிருந்தது. வலக்கையில் மாவுக்கட்டு. இடக்கையால் இழுத்தார். பின்னாலிருந்து ஒருவன் தலையில் அடித்தான். தாழ்ப்பாளை விடவில்லை. மறுபடி அடித்தான். தாழ்ப்பாள் கழன்றது. கதவு திறந்த வேகத்தில் அவர் விழுந்தார். அவர் மேலேயும் பக்கத்திலும் ஆட்கள் சரிந்து விழுந்தார்கள். இருவர் இருவராகக் கணுக்காலில் பிணைத்திருந்தார்கள். எலும்பும் தோலுமாக, புண்ணில் ஈ மொய்க்க, வெளிச்சத்தில் கண் கூசிக்கொண்டு.

அந்த எலும்புக்கூடுகள் எழுந்தன, அவையோரே! பிணைத்த கயிற்றாலேயே அடித்தவன் காலை வாரினார்கள். பைப்பைப் பிடுங்கினார்கள். அதைக் கண்டு மற்ற மூவரும் ஓடினார்கள். அவன் தங்களுக்கு எங்கே அடித்தானோ அங்கேயெல்லாம் திருப்பி அடித்தார்கள். அவன் ஒரு கண் போனது. இன்னும் இரண்டு அடி விழுந்திருந்தால் உயிரும் போயிருக்கும். அப்போது ஒரு குரல் கேட்டது. இறங்கிய தோளோடு, மனைவியின் உடைந்த தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓட்டுநரின் குரல்.

"விடுங்கடா அவனை! அவன் கோர்ட்டுக்கு உயிரோட வரணும்! விடுங்க!"

விட்டார்கள்.

அந்த இடத்தில் நீங்களோ நானோ இருந்தால் அந்தச் சொல் நம் வாயில் வந்திருக்குமா? எனக்கு வந்திருக்காது. எடுத்துக் கொடுத்திருப்பேன் பைப்பை.

நொறுங்கிய ஆம்புலன்ஸை ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு அவர் மனைவியைக் கொண்டுவந்தார். வழியிலேயே முடிந்துவிட்டது. கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று பத்திரிகைக்காரர்கள் கேட்கிறார்கள். சொல்லவில்லை. மண்டை உடைந்தவர்கள் வசனம் பேசுவதில்லை. இது என் தொழில், எனக்குத் தெரியும்.

நான் இந்த வழக்கில் சாட்சி. அதனால் சட்டப்படி அவர் உடலை நான் தொடக் கூடாது. பக்கத்து ஊரிலிருந்து வந்த மருத்துவர்தான் பரிசோதனை செய்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாசலில் எத்தனையோ ஆயிரம் தடவை நடந்திருக்கிறேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அது மிகவும் தாழ்வான பெஞ்சு. எழுந்திருக்கவே முடியாது. உதவியாளர் வந்து கைகொடுத்துத் தூக்கினார்.

அந்த இல்லத்தின் முற்றத்தைத் தோண்டினார்கள். அதில் கிடைத்தவர்களின் அம்மாக்கள் சிலர் இங்கே வந்திருக்கிறார்கள். ஓர் அம்மா போன வாரம் என் அறைக்கு வந்து, "நான்தானே சார் கூட்டிட்டுப் போய் விட்டேன். அவன் வரமாட்டேன்னு படியைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். நான்தானே விரலைப் பிரிச்சு விட்டேன்" என்று கேட்டார். அம்மா, நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கான பதிலை இப்போது சொல்கிறேன். நீங்கள் மகன் பிழைக்க வேண்டும் என்று விட்டீர்கள். அடித்தவன் அடித்தான். குற்றம் அடித்தவன் மேல்! இடம் தெரிந்தும் போகாதவன் மேல்! உங்கள் மேல் அல்ல.

கண்ணீர் விடுங்கள்; வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். முனைவருக்குச் சிலை வேண்டாம். அவர் பெயரில் விருதும் இப்போதைக்கு வேண்டாம். மூன்று நெறியாளர்களும் மூன்று வருடமாக எதிலும் ஒத்துப்போகாதவர்கள், ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருக்கிறோம். அவர் கட்டிய முறையை அப்படியே அடுத்த மாணவர் கையில் கொடுப்போம். என் அறிக்கையில் எழுதும் ஒவ்வொரு காயமும் இனி வரைபடத்துக்குப் போகும். அவர் கண்டுபிடித்த வளையம் ஒன்று அல்ல. இன்னும் உண்டு. அவை எந்த இடம் என்று மேடையில் சொல்ல மாட்டேன். இந்தக் கூட்டத்தில் யார் யாருக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கிறவன் கேட்டுக்கொள்ளட்டும். வருகிறோம்.

முன்வரிசையில் அவர் கணவரைக் காணோமே என்று நீங்கள் அப்போதிலிருந்து பார்க்கிறீர்கள். நானும்தான். இரண்டாவது இடத்துக்கான உத்தரவு இன்று காலை கையெழுத்தானது. மதியம் திறந்துவிட்டார்கள், இந்தத் தடவை இரண்டு வாசலிலும் ஆள் நின்றார்கள். கூட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்று அவரைத் தொலைபேசியில் கேட்டேன். பின்னால் யாரோ முனகுகிற சத்தம் கேட்டது.

"வேணாம் சார். நீங்க பேசுங்க. எனக்கு இன்னும் ரெண்டு டிரிப் இருக்கு. எல்லாரும் உயிரோட இருக்காங்க."

முடித்துக்கொள்கிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் இன்றைக்கு ஆள் போதாது. மருத்துவர்கள், செவிலியர்கள் யாராவது இந்த மண்டபத்தில் இருந்தால் இப்போதே எழுந்து என்னோடு வாருங்கள்.